ஸ்வெட்டருக்கு மட்டும் நிறம்

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்கிறாய். எது சரி என்று எனக்குப் புரிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் ஒரு படம் பார்த்தேன். தெரு, மழை, கூட்டம் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு பெண் பிடித்திருந்த குடை மட்டும் சிவப்பு. "மத்ததெல்லாம் ஏன் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "வெளுக்கலைங்கம்மா. எதைப் பாக்கணுமோ அதுக்கு மட்டும் கலர் விட்டிருக்காங்க." ஸ்டூடியோவில் நீ பார்ப்பதும் இந்த வேலைதானே?

அப்பாவின் அச்சக ஆண்டு விழாப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு பிரதி கிடையாது, பத்திரம். அவர் மடியில், சட்டையில் முகம் புதைத்திருப்பவள் உன் அக்கா. அவள் போட்டிருக்கும் ஸ்வெட்டருக்கு மட்டும் நிறம் வேண்டும். நான் பின்னியது. அன்று எனக்குத் தலைவலி, விழாவுக்குப் போகவில்லை. வீடு திரும்பியதுமே அவளுக்குக் காய்ச்சல். அது மார்புச் சளியாகி அவளைக் கொண்டுபோய்விட்டது. "ஸ்வெட்டர் போட்டிருந்தாளா?" என்று உன் அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "போட்டிருந்தா" என்றார். அவள் போன பிறகு இந்தப் படம் வந்தது. போட்டுத்தான் இருக்கிறாள். என் பக்கம் குறையில்லை என்று எனக்குச் சொல்ல இந்தப் படம் ஒன்றுதான் உண்டு.

நாற்காலிக்குப் பின்னால் முதுகு காட்டி நிற்பது நீ. அப்போதும் நீ ஓரிடத்தில் நின்றதில்லை. படத்துக்கு இடைஞ்சல் என்றால் அந்த ஓரத்தை வெட்டிவிடு.

நிறம் நீலம். மடத்துப் பள்ளியில் நாங்கள் தொட்டு எழுதிய மை, காய்ந்த பிறகு இருக்குமே, அது.

அன்புடன்
அம்மா


ஜூன் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. வழக்கமாக நாங்கள் கலர் படத்தில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றின் நிறத்தை எடுப்போம். இது தலைகீழ் வேலை. சாம்பல், எவ்வளவு அடர்த்தி என்று மட்டும்தான் சொல்லும்; என்ன நிறம் என்று சொல்லாது. நீங்கள் சொன்ன மையை மனதில் வைத்து நானாகத்தான் ஒரு நீலம் பிடித்தேன். ஓரம் ஓரமாக எல்லை வரையவேண்டும், கொஞ்சம் வழிந்தாலும் அப்பா சட்டையும் நீலமாகிவிடும். முதலில் உடல் பகுதிக்கு மட்டும் போட்டு மாதிரி அனுப்புகிறேன். நிறம் சரி என்றால் கைகளைச் செய்கிறேன்.

ஓரத்தை வெட்டவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்த நினைவு எனக்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்திலாவது நின்றிருக்கிறேனே அம்மா, இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள்
சின்னவள்


ஜூலை 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நிறம் தவறு. இது சோப்பு டப்பாவின் நீலம். சட்டக் கடைக்காரர் "அழகா இருக்குங்கம்மா" என்றார். "அழகையா கேட்டேன்? நிறத்தைக் கேட்டேன்" என்றேன். மனிதர் ஆணி தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

மிஞ்சிய கம்பளி நூலிலிருந்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். இதைப் பார்த்துப் போடு. அவளுக்குப் பிறகு நான் பின்னல் ஊசியைத் தொடவில்லை, நூல் உருண்டை மட்டும் அலமாரியில் கிடக்கிறது.

கைப்பகுதியில் கவனம். நாடா வைத்து அவள் கையை அளந்து பின்னினேன். சரியாக மணிக்கட்டு எலும்பில் வந்து நிற்கும். என் பின்னலில் அளவு பிசகியதே இல்லை.

ஓரம் உன் இஷ்டம். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்க ரயில் இருக்கிறது. அவளைப் பார்க்க எனக்கு வேறென்ன இருக்கிறது?

அன்புடன்
அம்மா


ஜூலை 21

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதுவதா வேண்டாமா என்று வெகுவாக யோசித்தேன். உட்கார்ந்து படியுங்கள்.

நூலின் நிறம் அப்படியே பொருந்திவிட்டது. கைகளுக்கு எல்லை வரையப் படத்தைப் பெரிதாக்கினேன். ஸ்வெட்டர் கை மணிக்கட்டில் நிற்கவில்லை அம்மா. நீளமாக இருந்து, இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறது. அக்காவுக்கு அளந்து பின்னியது அக்காவுக்கே எப்படி நீளும்? மடிப்புக்குக் கீழே கட்டைவிரல் தெரிகிறது. கதவில் நசுங்கிப் பிளந்த நகம். இதை எழுதும்போதும் என் கையில் அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மடியில் இருப்பது நான். ஓரத்தில் கையில்லாத கவுனில் நிற்பவள் அக்கா. இரண்டு பேருக்கும் நீங்கள் ஒரே மாதிரி முடி வெட்டிவிடுவீர்கள். முகம் தெரியாத, நாற்காலி உயரத்தையும் மறைத்துவிட்ட படத்தில் ஸ்வெட்டரை வைத்துத்தானே அடையாளம் சொல்ல முடியும்.

அப்பாவுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றும் இப்போது புரிகிறது. தெரிந்தால் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று பயந்திருக்கிறார். எனக்கும் அந்தப் பயம்தான். பேசாமல் நீலம் பூசி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

உங்கள்
சின்னவள்


ஜூலை 30

படத்தைத் திருப்பி அனுப்பு. நிறம் எதுவும் வேண்டாம்.

அம்மா


ஆகஸ்ட் 8

அம்மா,

அனுப்பிவிட்டேன். போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

சின்னவள்


அக்டோபர் 17

அன்புள்ள சின்னவளுக்கு,

கை வலி, அதனால் தாமதம் என்று பொய் எழுதமாட்டேன். கோபம்தான். முதலில் உன் மேல். பிறகு உன் அப்பா மேல். போனவரோடு சண்டை போட்டு என்ன பயன்? பதில் சொல்லாமல் இருப்பதில் அவர் உயிரோடு இருந்தபோதே கெட்டிக்காரர். ஆனால் அவர் பயந்தது நியாயம். அன்றைக்குத் தெரிந்திருந்தால் உன்னிடம் எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு மடிப்பும் ஒரே அகலம், விளிம்போடு விளிம்பு சேர்ந்திருக்கிறது. உன் அப்பா எதையும் மடிக்கமாட்டார், சுருட்டுவார். உனக்கு அப்போது பொத்தான்கூடப் போடத் தெரியாது. இந்த வீட்டில் அப்படி மடிக்க நான் கற்றுக்கொடுத்தது ஒருத்திக்குத்தான்.

உனக்குக் குளிர்ந்திருக்கிறது. அவள் பார்த்திருக்கிறாள். உனக்கு அடுத்ததாகப் பின்னுவதாக இருந்தேன்.

படத்தை மறுபடி அனுப்புகிறேன். ஸ்வெட்டருக்கு நிறம் போடு. மடிப்பை விட்டுவிடாதே, அவள் கைபட்ட இடம் அது. ஓரத்தை வெட்டாதே. அவள் கவுன் என்ன நிறம் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை. ஸ்வெட்டரைப் பார்த்துப் பார்த்தே இருந்துவிட்டேன். தெரியாத நிறத்தைப் பூசவேண்டாம், அவள் சாம்பலாகவே நிற்கட்டும்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். தோளிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை நாடா வைத்து அளந்து எழுது. உன் அளவு என்னிடம் இல்லை.

அம்மா