கட்டில் போல்ட் போட்ட கதவு

அக்கா,

நேற்று என் ரப்பர் செருப்பின் வார் அறுந்துவிட்டது. தூக்கிப் போடும் முன் ஏனோ அதை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய ரப்பரும் மழைச் சேறும் கலந்த அந்த வாசனையில், மறுபடி உங்கள் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அது உங்கள் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. பக்கவாதத்தில் அவர் படுத்த பிறகும் நீங்கள் அதை விற்கவில்லை. விற்க முடியவில்லை என்பதுதான் சரி. "வண்டி நல்லா ஓடுதா?" என்று தினமும் மாலையில் கேட்பார். அவரால் தெளிவாகச் சொல்ல முடிந்த சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அதனால் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மறைமலை நகரில் நாம் வேலை பார்த்த பள்ளிக்கு அதையே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். பெருங்களத்தூரில் நான் ஏறிக்கொள்வேன்.

ஓட்டுகிறவர் பக்கக் கதவின் பூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் எங்கோ கழன்று விழுந்தன. வளைவுகளில் கதவு தானாகத் திறந்துகொண்டது. தாம்பரத்தில் நாம் ஏறி இறங்காத கடை இல்லை. "இது பழைய இஞ்ச் மரை மேடம். இப்ப வர்றது எல்லாம் மில்லி" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஒரு மெக்கானிக் மில்லி போல்ட்டையே அடித்து ஏற்றிவிடலாம் என்றார். இருக்கிற மரையும் போய்விடும் என்று நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கதவு அசையாமல் இருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தபோது உங்கள் பழைய இரும்புக் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டிருந்தீர்கள். அதிலிருந்து நீளமான போல்ட் ஒன்றை எடுத்து, கதவையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்து முடுக்கியிருந்தீர்கள். கழலாமலிருக்க ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நட்டு. கடகடக்காமலிருக்க ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த வாஷர். சரியான போல்ட் கிடைக்கும் வரை அந்தக் கதவு திறக்காது. இருவரும் இடப்பக்கமாகவே ஏறி இறங்கினோம். பல மாதங்கள் அப்படியே போயின.

ஒரு மழை நாளில் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஊரப்பாக்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. இடப்பக்கம் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்து நின்றது. அந்தப் பக்கக் கதவை ஒரு சாண்கூடத் திறக்க முடியவில்லை. பின்கதவின் தாழ்ப்பாளோ வெளியில். ஜன்னலில் தலைதான் நுழையும். இன்ஜின் நின்றது, தரையில் தண்ணீர் ஊறி என் கணுக்காலை மூடியது. உங்கள் மடிமேல் குனிந்து அந்த நட்டுகளோடு மல்லுக்கட்டினேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப இரண்டு ஸ்பானர் வேண்டும். வண்டியில் இருந்தது ஒன்று. விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அப்போது, பகலில் உங்கள் கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமிருந்து போன் வந்தது. ஆயா வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. மாட்டிக்கொண்டதைச் சொல்லி, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். போனை வைத்ததும் என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டீர்கள்.

"விடும்மா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் லாரியின் நனைந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கல. தெனமும் கேட் கிட்ட வரும்போது, அப்படியே நேரா ஓட்டிக்கிட்டுப் போயிடலாமான்னு தோணும். இன்னிக்குத்தான் போகாம இருக்க ஒரு காரணம் கெடச்சிருக்கு. பொய்யும் இல்ல."

சொல்லிவிட்டுச் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினீர்கள். எனக்கு வெளியே போனால் போதும் என்றிருந்த இடத்தில், உங்கள் முகம் தளர்ந்து இளகிக்கொண்டே வந்தது. பிறகு லாரி நகர்ந்தது. யாரோ சிலர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அதன்பின் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், வண்டி நன்றாக ஓடுவதாகத் தினமும் சொன்னீர்கள்.

அவருக்கு முன்னால் நீங்கள் போவீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது விழுந்தீர்களாம். மாரடைப்பு.

அவருடைய தம்பி ஜீப்பை விற்க ஏற்பாடு செய்தார். எடுக்க வந்த ஆள் அந்தக் கதவோடு வெகுநேரம் போராடிவிட்டு, கடைசியில் ஆக்சா பிளேடால் போல்ட்டை அறுத்தார். நான் உங்கள் கணவரின் சக்கர நாற்காலியை ஜன்னலருகே தள்ளிக்கொண்டு வந்து நின்றேன். அறுக்கிற சத்தம் நின்றது. பிறகு அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு... மழையில லேட்டா வந்தா. முகம்... நல்லா இருந்துச்சு. வண்டியில என்ன பேசினீங்க?"

"போல்ட் கிடைக்காததைப் பத்தித்தான் அண்ணா."

அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். அன்று வண்டியில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தையும் என்னோடு அந்த வீட்டுக்குள் வருகிறது. அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன், பள்ளிக் கதை சொல்கிறேன். எழுந்து வரும்போது அதையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.