கடைசி நொடியில் நின்ற சர்வர்

12.3.2009, வியாழன் இரவு.

போடி ஏலக்காய் ஏலத்துக்கு சர்வர் வாங்கியபோது இரண்டு பிராசசர்களை ஒப்பிட்டு எழுதிக்கொடுத்தவன் நான். விலை குறைந்ததே போதும், இரண்டின் வேகமும் ஒன்றுதான் என்றேன். ஏலம் கேட்கும் விலைகளை ஒவ்வொன்றாக அனுப்பித்தான் சோதித்திருந்தேன். வியாபாரிகள் கடைசி நொடிவரை சும்மா இருந்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் விலையைத் தட்டுவார்கள் என்பது வியாபாரி மகனான எனக்கே உறைக்கவில்லை.

இன்று அப்படித்தான் தட்டினார்கள். சர்வர் நின்றுவிட்டது. அதற்குமுன் பதிவான அடிமாட்டு விலைக்கே ஒரு விவசாயியின் மொத்தக் காயும் போய்விட்டது.

"என்னாச்சு தம்பி?" என்றார் ஏலம் நடத்தும் சங்கத்தின் தலைவர்.

"கரண்டுதாண்ணே." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த விவசாயியே என் தோளைத் தொட்டு, "நீங்க என்ன செய்வீக, விடுங்க" என்றார். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிறது.

சனிக்கிழமை மறுபடி ஏலம். உண்மையைச் சொல்ல நாளை ஒருநாள்தான். கரண்டு போனாலும் சர்வர் நிற்காமலிருக்கப் பெரிய பேட்டரி வாங்கப்போகிறார்களாம். எது நல்லது என்று என்னைத்தான் ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள்.