ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பதினாறு கணினிகள்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்க நின்றபோது, ஒரு டாக்சி நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. நீ போய் நான்கு வருடமாகிவிட்டது, இன்னும் என்னடி கோபம் என்று கேட்பாய். கோபம் உன்மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் நமக்குக் கொடுத்த அறையை நினைத்துப் பார். ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது. நான் நிரல் எழுதுகிறவள், நீ மின்சார டெக்னீசியன். அலுவலகங்கள் வேண்டாமென்று தள்ளிய பதினாறு கணினிகளை ஒன்றாகக் கோத்து, ஒரே பெரிய கணினி போல அவற்றிடம் வேலை வாங்க வேண்டும். அதன் முகப்பாக ஓர் இணையப் பக்கம். நாட்டின் எந்த மூலையில் இருக்கும் ஆராய்ச்சியாளரும் அதில் தன் தரவைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், கணக்கு நம் அறையில் ஓடும், விடை அவருக்குப் போய்ச் சேரும். அவருக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு 'வாசல்' என்று பெயர் வைத்தோம்.

துறைத் தலைவர் போட்டது ஒரே நிபந்தனை. அக்டோபர் கடைசியில் நடக்கும் கூட்டத்துக்கு முன்பு, வெளியாள் ஒருவராவது வாசல் வழியாக ஒரு முழுக் கணக்கை முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறை பழைய நாற்காலிகள் போட்டுவைக்கும் ஸ்டோர்.

முதல் நாளே நான் ஆர்வக்கோளாறில் பதினாறையும் ஒரே நேரத்தில் முடுக்கினேன். மாடி முழுக்க இருட்டு. பண்டமாரானில் இருந்து பஸ் பிடித்து அப்போதுதான் வந்து சேர்ந்த நீ, கதவருகில் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாய்.

"என்னடி, தீபாவளிக்கு முன்னாடியே வெடி போட்டுட்டியா?"

"சிரிக்காதடி, தலைவர் ரூமும் இருட்டா இருக்கு. ஏதாச்சும் செய்யி."

"ஒன்னு ஒன்னா போடணும் லா. எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சா, ஒரே நேரத்துல பசிக்கும்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நீதான் அந்த அறையை ஆண்டாய். கீழ்த்தளத்து மின்பலகையில் இருந்து நான்கு தனி வயர்களை இழுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு கணினிகளை மாட்டினாய். அம்பாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் இரும்பு அலமாரிகள் வாங்கி, உன் அப்பாவின் லோரியில் ஏற்றி வந்தாய். ஏர்கான் போதவில்லை என்று வீட்டுக் காற்றாடியையும் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் அம்மா ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாசலுக்கு முதலில் வந்தவர் குவாந்தானில் ஆற்று வெள்ளத்தை ஆராயும் ஓர் அம்மையார். மலாயில் அம்மணி என்று சொல்வது போல, நாம் 'புவான்' என்றே கூப்பிடுவோம். மழைக்காலம் தொடங்குவதற்குள், எந்தக் கம்பத்தில், அதாவது எந்த மலாய்க் கிராமத்தில், தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அவர் வரைபடம் தயாரித்தாக வேண்டும். அவரிடம் இருந்த ஒற்றைக் கணினியில் அந்தக் கணக்குக்கு நான்கு மாதம் பிடிக்கும். நம் பதினாறும் சேர்ந்தால் ஒன்பதே நாள். அவர் பொத்தானை அமுக்கிய வாரம் நீ வேறொரு கட்டடத்தில் வயரிங் வேலையில் இருந்தாய்.

ஆறாவது நாள் ஆயுத பூஜை. சுங்கை பூலோவில் அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போக நான் லீவு போட்டிருந்தேன். முந்தின நாள் மாலை, "ரூமுக்கும் பூஜை போடணும்டி, சாவி குடு" என்று வந்து நின்றாய். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நல்லா பண்ணு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். உள்ளே புவானின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பூஜைக்கு மறுநாள் காலை நான் அக்கா கொடுத்த சுண்டலோடு வந்தேன். பதினாறு கணினிகளின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நீ அவற்றை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தாய். சுண்டலை மேசைமேல் வைத்துவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன்.

"நிப்பாட்டியாடி வச்சிருந்த?"

"பின்ன? ஆயுத பூஜைக்கு எவனாச்சும் மெஷினுக்கு வேலை குடுப்பானா? எங்கப்பா லோரியவே எடுக்க மாட்டாரு."

"ஐயோ பாவி! அஞ்சு நாள் கணக்கு போச்சுடி!"

"யாரு கணக்கு? ரூம்ல ஒரு ஆளும் இல்லையே!"

நீ சொன்னதில் என்ன தப்பு? திரை ஒன்றுகூட எரியவில்லை, நாற்காலியில் ஆளும் இல்லை. கணக்குக்குச் சொந்தக்காரர் குவாந்தானில் உட்கார்ந்திருக்கிறார் என்று பதினாறு இரும்புப் பெட்டியைப் பார்த்து யாருக்குத்தான் தெரியும்? நின்றாலும் விட்ட இடத்தில் தொடரும்படி, ஓடும் கணக்கை அவ்வப்போது கணினியின் வட்டில் எழுதிவைக்கும் ஏற்பாட்டையும் நான் செய்திருக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. கணக்குக்கு ஒன்பது நாள் வேண்டும். கரண்டு போய்விட்டது என்று புவானிடம் சொல்லிவிடலாம் என்றேன். நீ என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

"கரண்டு போச்சா? நான் போட்ட வயரிங்டி அது. நான்தான் அணைச்சேன், நானே சொல்றேன்."

போனை எடுத்து, மலாயில், கொஞ்சமும் சுற்றி வளைக்காமல் சொன்னாய். புவானோ, மழை உங்களுக்காகக் காத்திருக்காது, உடனே மறுபடி தொடங்குங்கள் என்றாராம். அடுத்து நேரே தலைவர் அறைக்கு நடந்தாய். நானும் பின்னால் வந்தேன். "ஐ ஸ்விட்ச்டு இட் ஆஃப், சார்" என்றாய். நான் உன் பக்கத்தில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, செமஸ்டர் லீவில் பூட்டிக்கிடந்த கீழ்மாடி மாணவர் லேபைக் கேட்டாய். அங்கே பதினான்கு கணினிகள் இருந்தன. அந்த மனிதர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார்.

அன்று மதியமே ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, கீழ்மாடிக்குக் கேபிளை இறக்கினாய். நான் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன், மணிக்கொரு தடவை கணக்கை வட்டில் எழுதும்படி. மாலை ஆறு மணிக்கு முப்பது கணினிகளும் ஒன்றாகக் கணக்குப் போட ஆரம்பித்தன. கதவில் நீ மூன்று மொழியில் எழுதி ஒட்டினாய்: "உள்ளே ஆள் இல்லை, வேலை நடக்கிறது. தொடாதே." மூன்றாம் நாள் லேபில் இரண்டு கணினிகள் சூடேறி நின்றுபோயின. முந்தைய மணிக்கு வட்டில் எழுதிவைத்த இடத்தில் இருந்து தொடர்ந்தோம். ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. நீ காற்றாடியை லேபுக்குத் தூக்கிப் போய் அவற்றின் பக்கம் திருப்பி வைத்தாய்.

ஐந்தாம் நாள் பிற்பகல் கணக்கு முடிந்தது. கூட்டத்தன்று காலை குவாந்தானில் இருந்து ஃபேக்ஸில் வரைபடம் வந்தது, கம்பம் கம்பமாக, தண்ணீர் ஏறும் அளவோடு. தலைவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அறை நமக்கே என்று திரும்பி வந்து சொன்னார். நீ என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய்.

ஆனால் அவர் எழுதிய அறிக்கையில் டெக்னீசியனின் கவனக்குறைவு என்று ஒரு வரி இருந்தது. அந்த வருடம் உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடமும் வரவில்லை. எனக்கு வந்தது.

ஒருமுறை கிள்ளானில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். "அந்த ஆயுத பூஜை அன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும் கையை ஆட்டினாய். "விடுடி லா. வேலை முடிஞ்சுச்சா இல்லையா?" விட்டுவிட்டேன். விடச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. உனக்கு உடம்பு முடியாமல் போனபோதும் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன், ஊர்க்கதை எல்லாம் பேசினேன், இதைப் பேசவில்லை.

இன்று அந்தக் கட்டடத்தில் எத்தனை கணினிகள் என்று எண்ண முடியாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அந்த வாரத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் 'என் சிநேகிதி ஒருத்தி தெரியாமல் அணைத்துவிட்டாள்' என்றுதான் தொடங்குவேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இன்று மதியம் இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். அவர்களிடம் வேறு விதமாகத் தொடங்கினேன். உள்ளே வேலை ஓடுகிறது என்று தெரிந்தும், சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியவள் நான் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை.

தலைவர் அறையில் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான்தான்டி.