டப்பாவில் இருக்கும் குழந்தை

பிப்ரவரி 4

செத்துப்போன என் மகளைத் தன் மகளாக்கி, மிட்டாய் டப்பாவில் அச்சடித்துவிட்டான் என் தம்பி. நடந்தது இதுதான். வேறு மாதிரி யாரும் சொல்ல வேண்டாம்.

அவன் கம்பெனியின் பொன்விழா டப்பா இன்று வீட்டுக்கு வந்தது. பின்பக்கத்தில் கதை. காய்ச்சலில் கிடந்த மகள் கசப்பு மருந்தைக் குடிக்க மறுத்தாளாம். அவளுக்காகவே அப்பா ஆரஞ்சு மிட்டாய் காய்ச்சினாராம். அவள் பிழைத்துக்கொண்டாளாம்.

காய்ச்சியது நான். என் அடுப்பில். அவள் பிழைக்கவில்லை.

பிப்ரவரி 5

தம்பியின் அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரவில்லை.

"செத்த குழந்தையச் சொல்லி மிட்டாய் விக்க முடியுமாக்கா? நீயே சொல்லு."

"அப்ப கதையே சொல்லாத. மிட்டாய மட்டும் வித்துட்டுப் போ."

"ஒனக்கு எப்பவும் பிடிவாதம்தான்."

ஆமாம். அது இல்லாவிட்டால் இவனுக்கு விற்க மிட்டாய் ஏது?

பிப்ரவரி 7

அன்று முதல் தடவை காய்ச்சியபோது, பாகு கொதிக்கும்போதே எலுமிச்சை உப்பைப் போட்டுவிட்டேன். இறுகவே இல்லை, சுற்றிய காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. என் மகள் காகிதத்தையும் சேர்த்துச் சப்பினாள். அடுத்த தடவை இறக்கி, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, சூடு தணிந்த பிறகு சேர்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. வாயில் போட்டதும் ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாள். அந்தப் புளிப்புக்குத்தான் இன்றைக்கும் கடை கடையாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

கடிக்க மாட்டாள். அடுத்த மருந்துக்கு வேண்டுமே என்று பாதியில் எடுத்து வைப்பாள். கடைசியாக எடுத்து வைத்த பாதி — வேண்டாம்.

பிப்ரவரி 11

தம்பி வரவில்லை. நானும் போகப்போவதில்லை.

பிப்ரவரி 15

அவன் மகள் வந்தாள். பேரன் எடுத்தவள், வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அது நான் இல்லியா அத்தை?"

"இல்ல."

"அப்பா சொல்லிச் சொல்லி, அந்தக் காய்ச்சலே எனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி இருக்கு. மருந்துக் கசப்புகூட."

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டாள், பாவி. என்ன கேட்பது?

பிறகு, "அவ எப்படி இருப்பா அத்தை?" என்றாள்.

இத்தனை வருடத்தில் யார் கேட்டார்கள் என்னிடம் இதை?

பிப்ரவரி 16

தம்பி: டப்பாவை மாற்றி அச்சடிக்க வேண்டும். மாட்டான். இருந்தாலும் செய்ய வேண்டியவன் அவன்தான்.

தம்பி மகள்: அந்தக் குழந்தை நான் இல்லை என்று விழா மேடையில் சொல்ல வேண்டும். சொல்கிறேன் என்றாள். முகத்தைப் பார்த்தால் சொல்வாள் என்றுதான் தோன்றுகிறது.

நான்: ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வருவதற்குள் என் மகளின் குரலை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அவள் குரல் எப்படி இருக்கும் என்றும் நேற்று கேட்டாள். எனக்கு வரவில்லை.