பிழை பூதன் கண்ணில் இல்லை

மலை நிலைக்க. மழை தன் நாளில் பொழிக. ஆறும் துறையும் அவற்றை நம்பி வாழ்வோரும் நலம் பெறுக.

நெடுங்கோட்டு நாட்டின் ஒன்பது குன்றங்களுக்கும் இறைவி, பேரேரி கண்ட பெருமாட்டி, மலைமாதேவியார் திருவாணையின்படி, தலைமை அமைச்சர் பெருஞ்சேந்தனார், கயவாய்த் துறையும் அதன் கரைநாடும் காக்கும் மண்டலத் தலைவர், கடற்கொள்ளையர் குறும்பு எறிந்த கோட்டன் நெடுவேளார் திருமுன் விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் பெருகுக. உப்பும் மீனும் குறையாதிருக்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

கடைசியில் எழுதவேண்டியதை முறை மாற்றி முதலிலேயே எழுதுகிறோம், பொறுத்தருள்க. ஏந்துபாறைக் காவலன் பூதனின் கண்களை யாரும் தொடலாகாது. இந்த வரியை வாசித்ததும் ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்கு ஆள் விடுக. ஆள் போன பிறகு மீதியை ஆற அமர வாசிக்கலாம்.

ஆள் போயிருப்பான் என்று நம்புகிறோம். இனி, நடந்தது நடந்தபடி.

பேரேரியின் மதகைத் திறக்குமுன் மதகுமலை முகட்டிலுள்ள வெண்கல ஆடியைச் சாய்த்து மூன்று நெடிய ஒளி வீசுவதும், இரண்டு காதம் மேற்கே கடலோரத்து ஏந்துபாறையில் அமர்ந்த காவலன் அதைக் கண்டு மடியில் வைத்த மணற்பலகையில் விரலால் குறித்துக்கொண்டு கொம்பு ஊதுவதும், கொம்பொலி கேட்டு ஆற்றிடைத் திட்டில் இருப்போர் கரையேறுவதும் இருபது ஆண்டுகளாக நடந்துவரும் முறை என்பதை நீர் அறிவீர். கயிறு வேண்டாம், பாதை வேண்டாம், குதிரை வேண்டாம். காற்றின் வழியே செய்தி போய்ச் சேரும். அந்த முறை இவ்வாவணித் திங்களில் நான்கு முறை தவறியது. நான்காம் முறை, மீன் உலர்த்திக்கொண்டிருந்த இருபத்துமூன்று பெண்கள் திட்டில் இருக்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. பரிசல்காரர்கள் உயிரை வெறுத்து நீரில் இறங்கியதால் ஒருவரும் மாளவில்லை. அது தெய்வம் செய்த உதவி. நம் முறை செய்த உதவி அன்று.

நீர் அதன்பின் மூன்று நாள் நேரில் பாறை ஏறிச் சோதித்தீர். மூன்று நாளும் ஒளி ஒரு வீச்சும் தவறாமல் வந்தது. ஆகவே ஒளியில் குறையில்லை, காண்பவனிடமே குறை, அவன் உறங்கினான் அல்லது பகைவரிடம் விலைபோனான் என்று முடிவுகட்டி, காவாத கண் காவலனுக்கு எதற்கு என்று தீர்ப்பும் எழுதி, பௌர்ணமி நாளைக் குறித்து, அரச முத்திரை வேண்டி ஓலை விடுத்தீர். முத்திரை கேட்டுக் காத்திருந்தீரே, அதற்காக உமக்கு இந்நாடு கடன்பட்டிருக்கிறது.

அரசியார் உம் ஓலையை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வந்து வந்து போகிற ஒளிக்குக் காண்பவன் ஒருவன் மட்டுமா பொறுப்பு, அனுப்புகிற கை உண்டு, ஆடி உண்டு, இடையில் இரண்டு காதம் வெளி உண்டு, ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பணித்தார். பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருந்தது. அமைச்சர், அந்த ஆடியை வார்த்த எயினியையே அழைத்தார்.

எயினி கன்னார் தெருவில் பட்டறை வைத்திருப்பவள், ஐம்பது அகவையினள், அளந்து பேசுபவள். மதகுமலை ஆடியை இரண்டாண்டுக்கு முன் வார்த்தவள் அவளே. அழைப்பு வந்தபோதே அவளுக்குக் காரணம் விளங்கிவிட்டது. பிழை ஆடியில் என்றால் அவள் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதான். ஆடியில் இல்லை என்றால் ஒரு மனிதன் கண்ணிழப்பான். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்தான் மலை ஏறியதாகப் பின்னர் அமைச்சரிடம் சொன்னாள்.

முகட்டில் ஆடி காப்போர் அவளுக்கு இருக்கை இட்டபோது அவள் உட்காரவில்லை.

"ஆடி பழுதுன்னா அது என் கைப் பழுது. முதல்ல அதையே பாத்துடுவோம்" என்றாள்.

புளியும் சாம்பலும் இட்டு ஆடியைத் துலக்கினாள். விளிம்பில் நகக்கண் அளவு மங்கல் இருந்தது. அதையும் தேய்த்து எடுத்தாள். சாய்க்கும் அச்சாணியை எண்ணெயிட்டு இறுக்கினாள். பாறையில் ஒருவரை அமர்த்தி, முகட்டிலிருந்து ஒளி வீசச் செய்தாள். குதிரையாள் கொண்டுவந்த செய்தியின்படி, முதல் நாள் ஒளி போய்ச் சேர்ந்தது; மறுநாள் சேரவில்லை. அந்த ஆடியை இறக்கிவிட்டு, தன் தந்தை வார்த்த பழைய ஆடியை ஏற்றினாள். அதுவும் ஒருநாள் சேர்ந்தது, ஒருநாள் சேரவில்லை. ஆடி எதுவானாலும் பிழை ஒன்றே என்று கண்டபோது அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய அந்த நொடியிலேயே பூதனை நினைத்து வெட்கினாள். ஆடி காப்பவனை மாற்றினாள். அதிலும் மாற்றமில்லை. அனுப்பும் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று தெளிந்து, மலையிறங்கிக் கயவாய் வந்து, ஏந்துபாறையில் மணற்பலகையை மடியில் வைத்துத் தானே அமர்ந்தாள்.

அங்கே அவளுக்குத் துணையாய் வந்தவள் பூதனின் மனைவி நொச்சி. அன்றாடம் சிறைவாயிலுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நேரே பாறைக்கு வந்துவிடுவாள். எயினியை முதலில் அவள் நம்பவில்லை. கணவனுக்கு எதிராகச் சான்று தேட வந்தவள் என்றே எண்ணினாள். இரண்டாம் நாள் பிற்பகல் மலைப்பக்கம் முழுதும் நெருப்புத் துகள் சிதறினாற்போல் மின்னியது. எது ஒளி, எது வெற்று மினுக்கம் என்று பிரிக்கமுடியாமல் எயினி கண்ணீர் வழிய விரலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போதுதான் நொச்சி அருகில் வந்து அமர்ந்தாள்.

"இதைத்தான் அவரும் சொன்னாரு. மலையே மின்னுதுன்னாரு. கள்ளுக் குடிச்சிட்டு உளர்றான்னு எழுதிக்கிட்டாங்க. இப்ப உங்க கண்ணுக்கும் தெரியலியே, உங்களையும் பிடிச்சு உள்ளே போடுவாங்களா?"

எயினி, ஒளி வந்த நாள், வராத நாள் என்று ஓர் ஓலை நறுக்கில் கீறி வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தாள். காற்றோடு பொருத்திப் பார்த்தாள், பொருந்தவில்லை. மேகத்தோடு பொருத்திப் பார்த்தாள், அதுவும் இல்லை. நொச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்தைக் கீறிக் கீறிப் பாக்குறீங்க? பெரியவரு பாறை ஏறி வந்த மூணு நாளும் வெளிச்சம் தேனாட்டம் வந்துச்சு. அவருக்குப் பயந்துகிட்டுதான் வருது போல!"

மனம் வெந்து சொன்ன சொல் அது. எயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு இங்கே வராத நாள்ல எங்கே இருப்பாரு?"

"எங்கே இருப்பாரு? மலையடியில புதுசாக் கட்டியிருக்காருல்ல, அந்த மாளிகையிலதான். கடற்காத்து வாங்க."

நெடுவேளாரே, இவ்விடத்தில் அமைச்சரின் எழுத்தாணி சற்றுத் தயங்குகிறது. ஆயினும் எழுதுகிறோம்.

எயினி மறுநாளே அம்மாளிகைக்குச் சென்றாள். அது பாறையிலிருந்து பார்க்கையில் மதகுமலை முகட்டுக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் நிற்கிறது. நீர் அன்று நகரத்தில் வழக்குக் கேட்டிருந்தீர். மாளிகைக் காவலாள் கோடன், எயினி காட்டிய அரசியாரின் கணையாழியைக் கண்டு வணங்கி, கேட்டதற்கெல்லாம் விடை சொன்னான்.

"மேற்குப் பக்கம் முழுக்கத் தூக்குக் கதவுங்க, பதினெட்டு. பித்தளைத் தகடு அடிச்சது. ஐயா இருந்தா கோல் குடுத்துத் தூக்கி வைப்போம், இல்லேன்னா இறக்கிடுவோம். வெயில் சாஞ்சா நாங்களே அந்தப் பக்கம் பாக்கமாட்டோம், கண்ணு போயிடும்."

ஐயா எந்தெந்த நாளில் இருந்தார் என்று அவள் கேட்டாள். கோடன் விரல்விட்டுச் சொல்லச் சொல்ல, நறுக்கில் கீறிய நாட்கள் ஒவ்வொன்றாய்ப் பொருந்தின. வெள்ளம் வந்த நாளும் பொருந்தியது. கடற்காற்றில் கோல்மேல் ஆடும் பதினெட்டுத் தகடும் பிற்பகல் வெயிலை நேரே ஏந்துபாறைக்கு எறிந்திருக்கின்றன. அந்த ஒளிவெள்ளத்தில் முகட்டு ஆடியின் மூன்று வீச்சும் முழுகிப் போயிருக்கின்றன.

ஆயினும் அவள் அதை உடனே சொல்லிவிடவில்லை. ஒருவன் கண் தப்பவேண்டும், ஒரு தலைவரின் மாளிகைமேல் பழி விழவேண்டும் என்றால் ஐயத்துக்கு இடமிருக்கலாகாது என்றாள். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில் அமைச்சர் தாமே மதகுமலை ஏறி, முகட்டிலிருந்து நாற்பது வீச்சு எண்ணி அனுப்பச் செய்தார். எயினி மாளிகையில் நின்று இருபது வீச்சுக்குக் கதவை இறக்கியும் இருபது வீச்சுக்குத் தூக்கியும் வைத்தாள். பாறையில் நொச்சி அமர்ந்து குறித்தாள். கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று அவளுக்குச் சொல்லவில்லை. நகரத்து முதியோர் நால்வர் அருகிருந்து பார்த்தனர்.

கதவு இறங்கியிருக்கையில் இருபதில் இருபதும் பலகையில் இருந்தன. தூக்கியிருக்கையில் ஏழே இருந்தன. அவற்றோடு, முகட்டிலிருந்து யாரும் அனுப்பாத ஐந்தும் இருந்தன.

"வராத வெளிச்சத்தையும் எழுதியிருக்கேனே!" என்று நொச்சி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாளாம். மணற்பலகை ஆதலால் எழுதியது முழுதும் அழிந்துபோயிற்று; நல்லவேளை, முதியோர் அதற்குள் எண்ணி முடித்திருந்தனர்.

கோட்டன் நெடுவேளாரே, உம்மை இடித்துரைக்க இவ்வோலை எழுதப்படவில்லை. புது மனைக்கு ஒளிரும் கதவு இடுவது குற்றமன்று. நீர் பாறைக்கு வந்தபோதெல்லாம் மாளிகையில் நீர் இல்லை; நீர் இல்லாததால் கதவும் மூடியிருந்தது. நேரில் கண்டே தீர்ப்பேன் என்று நீர் பாறையும் வெயிலும் பாராமல் ஏறி வந்த அந்த நேர்மையே உண்மையை உம் கண்ணுக்கு மறைத்துவிட்டது. உம் இடத்தில் அமைச்சர் இருந்திருந்தாலும் அதே தீர்ப்பை எழுதியிருப்பார். அதை எண்ணித்தான் இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை, இன்று இறங்கியது.

ஆகவே அரசியார் பணிப்பவை இவை. பூதனின் தளையை வேறெவரும் கழற்றாமல் நீரே உம் கையால் கழற்றி, அவனை நொச்சியிடம் சேர்ப்பீராக. கள் குடித்தான் என்று அவன்மேல் எழுதிய சொல்லை ஊரறிய அழிப்பீராக. மாளிகைக் கதவுகள் உம் விருப்பம்போல் திறந்திருக்கலாம். தகட்டின்மேல் மட்டும் கருந்தார் பூசப்படுக, அல்லது கோரைப்பாய் தைக்கப்படுக. பாறைக் காவலர் இனி உள்ளே கரி பூசிய மூங்கிற்குழல் வழியே முகட்டை மட்டும் நோக்குக. இறக்கி வைத்த பழைய ஆடியை எயினி பாறையில் நிறுவியிருக்கிறாள். ஒளி கண்டவுடன் காவலர் அதனால் மறுவொளி வீசவேண்டும். மறுவொளி வாராமல் மதகின் ஒரு பலகையும் தூக்கப்படலாகாது. வானம் மூடினால் குதிரையாள் போய் மீளும்வரை ஏரி காத்திருக்கட்டும். இருபது ஆண்டு நாம் ஒளியை அனுப்பினோமே தவிர, அது போய்ச் சேர்ந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பிழை உம்முடையதன்று, பூதனுடையதும் அன்று. கோட்டை மண்டபத்தில் இருந்த எங்களுடையது.

ஓலை முடியும் தறுவாயில் முகட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது, அதையும் சேர்க்கிறோம். இன்று பிற்பகல் முதன்முறையாக மூன்று நெடுவீச்சு அனுப்பி, மேற்கே பார்த்து நின்றனர். கடலோரத்தில் ஓர் ஒளி எழுந்தது. பாறையில் இருந்தவள் நொச்சி. கண்டேன் என்னும் ஒரு குறி மட்டுமே அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒருமுறை போதும். அவளோ கண்டேன், கண்டேன், கண்டேன் என்று கை ஓயும்வரை வீசிக்கொண்டே இருந்தாளாம். முகட்டில் இருந்தோர் சிரித்தபடியே மதகைத் திறந்தனராம். திட்டில் அப்போது ஒரு நாரை மட்டும் நின்றதாம்.

எழுதியது அமைச்சர் சொல்ல, ஓலையெழுத்தர் கை. ஒன்பது குன்றப் பொறி அரக்கில் ஒற்றப்பட்டது. பொறி உடைந்தவுடன் ஆணை தொடங்குக. பொழுது சாயுமுன் பூதன் வீடு சேர்க. மலைமாதேவியார் வாய்மொழி இது, மீறுவோர் இலர்.