வண்டிக்காரர்மேல் எனக்குள்ள பொறாமை

ஒழுங்கில்லாமல் எழுதினால் நீ சிரிப்பாய். ஆகவே முதலில் வரிசை:

1. நம் வீட்டுக்குள் ஹைட்டி வந்த விதம்.
2. வண்டிக்காரர்மேல் எனக்குள்ள பொறாமை.
3. அவரோடு ஒப்பிட்டு, நீ என்னைக் கோழை என்று எண்ணியது.

நீ இறந்தபின் முதல்முறையாக இன்று காலை தெருமுனையில், ஊரார் மரியாதையாய் 'டோ' சேர்த்து அழைக்கும் கமலாவின் கரும்புச்சாறு வண்டியைத் தாண்டும்போது பிழிந்த சக்கையின் வாடை அடித்தது. கால் நின்றுவிட்டது.

கண் அறுவைக்குப் பின் நீ வாசிக்கக் கூடாது என்றார்கள். ரங்கூன் பன்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தை மாலைதோறும் உனக்குத் தமிழில் சொன்னேன். ஹைட்டித் தீவில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டத்து அடிமைகள் தீ வைத்துக் கிளம்பியதும், கப்பலில் வந்த பெரும்படையை விரட்டித் தனிநாடு கண்டதும் உனக்கு மனப்பாடமாயிற்று. ஆலையில் சிக்கும் கையை வெட்டக் கோடரி தயாராக இருக்கும் என்றபோது, உன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

அவர்களின் தலைவர் முன்பு குதிரைவண்டி ஓட்டியவர். உனக்கு அவர் 'வண்டிக்காரர்'. நான் வேறு எதைப் பேசினாலும், "அது இருக்கட்டுங்க, வண்டிக்காரருக்கு என்ன ஆச்சு?" அவரை வஞ்சகமாய்ப் பிடித்துப்போய், குளிர்ச் சிறையில் சாகவிட்ட அத்தியாயத்தன்று நீ சாப்பிடவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது சாப்பிட்டாய். கவனித்தேன்.

இருநூறு ஆண்டுக்கு முன் இறந்தவர்மேல் பொறாமைப்படுவது படித்தவனுக்கு அழகல்ல. ஆனாலும் பட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் மேல்வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வைத்தார். மின்சாரம் போனால் நம் அறையில் புகை, உனக்கு இருமல். "போய்ச் சொல்லுங்களேன்" என்றாய். சொல்லவேண்டியதைப் பர்மியத்தில் எழுதினேன், திருத்தினேன், மறுபடி எழுதினேன். "வண்டிக்காரரா இருந்தா இந்நேரம்..." என்று தொடங்கியவள் என் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டாய். அது இத்தனை நாளும் குத்தியது. கடைசியில் போனேன். அவர் மறுத்தார். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். ஜெனரேட்டர் மொட்டைமாடிக்குப் போயிற்று. நீ சன்னலைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனாய்.

டோ கமலா முக்காலியை நகர்த்தினார். "உக்காருங்க அண்ணே. அக்கா இங்கதான் உக்காந்து வண்டிக்காரர் கதை சொல்லும்."

"பெரிய வீரர்" என்றேன்.

"என்ன வீரம்! மத்தவங்க தீ வச்சுட்டு நிக்கிறாங்க. இவரு முதலாளி வீட்டம்மாவைப் பத்திரமா அனுப்பி வச்சு, வாரக்கணக்கா யோசிச்சு, அப்புறம்தான் கிளம்பினாராம். 'அப்படியே எங்க வீட்டுக்காரர்தான் கமலா. யோசிச்சே உயிரை எடுப்பார். கிளம்பிட்டார்னா விடமாட்டார்'னு சிரிக்கும். வண்டிக்காரரு பாக்க எப்படி இருப்பாருன்னு கேட்டேன். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாருன்னுச்சு!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வண்டிக்காரர் தயங்கிய அந்தப் பக்கங்களை உனக்குச் சொன்னவனே நான்தான். எனக்கு அவை நினைவில் நிற்கவில்லை.

ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. இரண்டாவதிலும் ஆள் மாறிவிட்டது. வண்டிக்காரர்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. அந்த வார்த்தைகளை உன் வாயாலேயே கேட்ட டோ கமலாமேல்தான் பொறாமை.