கத்தியை வாங்கிவரப் போன நாள்

போன மாதம் செங்கல்பட்டைத் தாண்டியதும் என் வண்டியை நிறுத்தினார்கள். மாமல்லபுரத்துக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். சாலை நெடுகச் சோதனை. இளம் போலீஸ்காரர் ஒருவர் என் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பிரித்தார்.

"இன்னா சார் இது?"

"கத்தி."

"அது தெரியுது. எதுக்கு வெச்சினுகிறீங்க?"

பத்திரிகைக்காரனாகக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. என் சிநேகிதனுடையது, அவன் இறந்துவிட்டான், கருங்குழியில் அவன் மனைவி கொடுத்தாள், ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கத்தியை முகத்தருகே கொண்டுபோனார். "வாழக்கற வாசன அடிக்குது சார். எங்க வூட்லயும் தோட்டம் கீது. டிக்கில போட்டுக்கினு போங்க" என்று திருப்பித் தந்தார்.

வாழைக்கறையும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை, சிநேகிதா, உன் வேட்டி மடிப்பில் எப்போதும் இருந்தது.

காயலான் கடையில் தேய்ந்த ரம்பப் பட்டை ஒன்றை வாங்கி, கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் உட்கார்ந்து நீயே தீட்டிச் செய்தது அது. கைப்பிடி வேப்பங்கட்டை. ஒரு சாண் நீளம்கூட வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கருங்குழிக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிய பிறகு, அது உன் இடுப்பை விட்டு இறங்கியதை நான் பார்த்ததில்லை. மாட்டுக்கு அகத்தி கழிப்பாய், வாழைச் சருகு அறுப்பாய், உர மூட்டையின் தையலைப் பிரிப்பாய், சொட்டுநீர்க் குழாயை வெட்டுவாய். பிறகு வேட்டியில் ஒரு துடை துடைத்து, அதே கத்தியால் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி என் கையில் வைப்பாய். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு அது போகும்போது உன் கை தேடித் தடவாது. நடந்தபடியே எடுப்பாய், நடந்தபடியே செருகுவாய். அதைப் பார்ப்பதற்காகவே நான் வரப்பில் உன் பின்னால் நடந்திருக்கிறேன்.

ஒருமுறை உனக்கு விலையுயர்ந்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கிவந்தேன். திறந்து பார்த்தாய், மூடிப் பார்த்தாய்.

"இது இன்னா மச்சான், பாதி நேரம் தூங்கினே கீது?"

அது உன் மனைவியின் தையல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

உன் அப்பா காலமெல்லாம் பிறர் நிலத்தில் அறுத்தவர். "அவரு அறுத்த அருவாகூட அவருது இல்ல. பொழுது சாஞ்சா கழுவி ஆண்ட வூட்ல வெச்சிட்டு வரணும்" என்று ஒரு நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சொன்னாய். கோபமில்லாமல், வானிலை சொல்வதுபோல. அதனால்தான் நீ அந்தக் கத்தியை யாருக்கும் இரவல் தந்ததில்லை.

பிறகு கை நடுக்கம் வந்தது. முதலில் வலது கையில், பிறகு இரண்டிலும். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. ஒரு காலையில் கீரைக்கட்டுக்கு நார் அறுக்கும்போது உள்ளங்கை கிழிந்து தையல் போட்டார்கள். நாவலூரில் வேலை பார்க்கும் உன் மகன் எனக்குப் போன் செய்தான்.

"அங்கிள், அந்தக் கத்திய அப்பாகிட்டேர்ந்து வாங்கிட்டு வந்துடுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டாரு. அடுத்த தடவ நரம்பு கட்டாயிட்டா இன்னா பண்றது?"

அவன் பயம் நியாயமானது. நான் கிளம்பினேன். வழியெல்லாம், கத்தி இல்லாமல் நீ அந்த நிலத்தில் எப்படி நடப்பாய் என்று எண்ணிப் பார்த்தேன். நடக்க மாட்டாய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் தோன்றியது.

வாசலில் என்னைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லாம கொள்ளாம வந்துகீற. பையன் அனுப்ச்சானா?"

"ஆமா."

"டீ குடி. அப்பறம் வாங்கினு போ."

டீயை முடித்ததும் கொல்லைக்கு அழைத்துப்போனாய். மாமர நிழலில் ஒரு பனங்கட்டை கிடந்தது. அதன் பிளவில் கைப்பிடி இறங்கியிருந்தது. இருபக்கமும் ஆப்பு, மேலே சைக்கிள் டியூபால் இறுக்கிய கட்டு. கத்தி நிமிர்ந்து நின்றது, கூர் உன் பக்கமாக. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டாய். அகத்திக் கிளை ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்தாய். கைகள் இரண்டும் ஆடின, கிளையும் ஆடியது. நடுவே கத்தி மட்டும் அசையாமல் இருந்தது. கிளையை அதன்மேல் தள்ளினாய். துண்டானது.

"ஆடக் கூடாதது கத்திதானே மச்சான்? அது ஆடல. நான் ஆடிட்டுப் போறேன்."

"டேய், இது அருவாமண ஆச்சே!"

"பின்ன? பொம்பளைங்க தெனம் செய்றதுதான். இத்தினி வருசமா நம்ம கண்ணுல படல."

"இப்பவாச்சும் பட்டுச்சே!" என்று உள்ளேயிருந்து உன் மனைவியின் குரல் வந்தது. "ஆப்பு அடிச்சது யாருன்னும் சொல்லு!"

"வூட்டம்மாதான், வூட்டம்மாதான்" என்று கும்பிட்டாய். கும்பிட்ட கைகளும் ஆடின. மூன்று பேரும் சிரித்தோம்.

"முன்ன கத்தி வேலைகிட்ட போச்சு. இப்ப வேல கத்திகிட்ட வருது, அவ்ளோதான்" என்றாய். அன்று நார், அகத்தி, வாழைத்தண்டு எல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கட்டைக்கு வந்து போயின. மெதுவாகத்தான். முன்பு நடந்தபடி செய்ததை இப்போது உட்கார்ந்து செய்தாய். வேலையில் ஒன்றும் குறையவில்லை.

உன் மகனைக் கூப்பிட்டேன். "வாங்கிட்டீங்களா அங்கிள்?" என்றான். "இல்லப்பா. சனிக்கிழமை நீயே வந்து பாரு" என்றேன். வந்தானாம். வெகுநேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தானாம். எழுந்துபோய், இன்னொரு டியூப் கொண்டுவந்து மேலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினானாம். இதை நீ சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமை, அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட இருந்ததில்லை.

கடைசி மாதத்தில் உட்காரவே முடியாமல் போனது. அப்போதும் யாரும் உன்னிடம் கத்தியைக் கேட்கவில்லை. ஒரு மதியம் நீயாகவே உன் மனைவியைக் கூப்பிட்டு, டியூப் கட்டை அவிழ்த்துக் கத்தியை எடுக்கச் சொல்லி, கழுவி எண்ணெய் தடவச் சொன்னாய். "மச்சான் வந்தா குடு" என்றாயாம்.

இப்போது சனிக்கிழமைகளில் கருங்குழிக்குப் போகிறேன். அகத்தி கழிக்கிறேன், நார் அறுக்கிறேன். உன் வேகம் எனக்கு வராது. ஆனால் முதுமையை நினைத்தால் முன்பு பயம் வரும். அது இப்போது வருவதில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துவந்தது, கத்தியைவிட, அந்தத் தைரியம்தான்.

நேற்று உன் மனைவி கேட்டாள்: "அண்ணா, அந்தப் பனங்கட்டய ஒடச்சி அடுப்புக்குப் போட்டுடட்டா?"

"வேணாம்மா. இருக்கட்டும், எனக்கு வேணும்."

"உங்களுக்கு எதுக்கு? கை நல்லாத்தானே கீது?"

"இப்போதிக்கு."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, மழை படாத பக்கமாக அந்தக் கட்டையைக் காலால் உருட்டிவிட்டாள்.